ஓசூர் டு கோவளம்... கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு!

ஓசூர்ல பீச் எங்கேன்னு யாராவது கேட்டா, நாங்க கெலவரப்பள்ளி அணையைக் காட்டுவோம். பெங்களூரு கழிவுநீர் தென்பெண்ணையில கலந்து வர்றப்போ, மதகுக்குக் கீழே வெள்ளை வெளேர்னு நுரை பொங்கும். அலைதான் இல்லை, நுரைக்குப் பஞ்சமே கிடையாது! அப்படிப்பட்ட ஊர்ல இன்ஜினீயரிங் படிக்கிற எங்க செட்டுக்குள்ள, கோவளத்துல இருந்து ஒருத்தன் வந்து விழுந்தான். மீனவர் வீட்டுப் பையன். முதல் நாளே 'சுறா'ன்னு பேர் வெச்சாச்சு.

'ஒருவாட்டி எங்க ஊருக்கு வாங்கடா'ன்னு மூணு செமஸ்டரா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். ஸ்டடி ஹாலிடேஸ் வந்துச்சு (எதுக்கு விட்டாங்கன்னு தெரியும், திட்டாதீங்க!). நாலு பேர் ராத்திரி பஸ் ஏறிட்டோம். விடியறப்போ பூந்தமல்லி. அங்கேயிருந்து திருவான்மியூர். அப்புறம் ஈ.சி.ஆர்.

ஈ.சி.ஆர் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். பேரு கிழக்குக் கடற்கரைச் சாலை. ஆனா உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியும் கடல் கண்ணுல படலை. பட்டதெல்லாம் காம்பவுண்டு சுவர், கேட்டு, கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன். முட்டுக்காடு பாலத்துல ஏறின பிறகுதான் 'ஓ, தண்ணி!'ன்னு கத்தினோம்.

கோவளம் சின்ன ஊர்தான், ஆனா பழைய ஊர். கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா, பக்கத்துலேயே மீனவர் குடியிருப்பு. ஆற்காடு நவாப் காலத்துக் கோட்டை ஒண்ணு இங்கே இருந்திருக்கு. 1752-ல ராபர்ட் கிளைவ் அதைப் பிடிச்சு இடிச்சுட்டார். அந்த இடத்துலதான் 1974-ல தாஜ் குழுமத்தோட 'ஃபிஷர்மென்ஸ் கோவ்' ஹோட்டல் வந்துச்சு. "பேர்ல நாங்கதான்டா இருக்கோம்"னு சிரிச்சான் சுறா.

மணல்ல நின்னு பார்த்தா ரெண்டு கடற்கரை. ஒரு பக்கம், 2021 செப்டம்பர்ல கிடைச்ச 'நீலக்கொடி' சான்றிதழுக்காகத் தயார் பண்ணின பகுதி. டென்மார்க் தலைமையகத்துல இருந்து கொடுக்கிற சான்றிதழ் அது. தண்ணி சுத்தம், கழிப்பறை, உயிர்காப்பு வசதின்னு 33 நிபந்தனை. நிஜமாவே நல்லா இருக்கு பாஸ், பொய் சொல்ல மாட்டேன். எங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கலாம். இன்னொரு பக்கம் ஃபைபர் படகு, வலைக்குவியல், ஏலம் போடுற கூச்சல். சுறாவோட ஆயா சாக்கு விரிச்சு நெத்திலி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க.

"முன்னாடி அங்க வரைக்கும் காயப் போடுவோம் தம்பி. இப்ப வெளியூர்க்காரங்க மூக்கைப் பிடிக்கிறாங்க. நாங்களே கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் வந்துட்டோம்" என்றார் ஆயா. யாரும் விரட்டலை. யாரும் நோட்டீஸ் ஒட்டலை. ஆனாலும் நகர்ந்துட்டாங்க.

விரட்டுறதா இருந்தாலும் எதிர்த்துக் காட்ட என்ன இருக்கு? வலை காய்ற மணலுக்கு, படகு ஏத்துற மேட்டுக்கு, யார் பேர்லயும் பட்டா கிடையாது. ஊர் முழுக்கப் புழங்குற இடம், காகிதத்துல காலி இடம். எங்க ஓசூர்ல சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவங்களுக்காவது கையில காட்ட ஒரு பத்திரம் இருந்துச்சு. தமிழ்நாட்டுக் கரையோர வரைபட வரைவுகள்ல மீனவர்களோட பொது இடங்கள் விட்டுப்போச்சுன்னு மீனவ அமைப்புகள் சண்டை போட்டதும் இதுக்காகத்தான்.

வீட்டுக்குள்ள வேற கதை. சுறாவோட அண்ணனுக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. மாடி எடுக்கணும். எடுக்க முடியலை. 1991 பிப்ரவரியில வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கரையில உயர் அலைக் கோட்டுல இருந்து 200 மீட்டருக்குள்ள புதுசா கட்டக் கூடாதுன்னு கோடு போட்டுச்சு. பெரிய பெரிய கட்டடங்கள் மணலை முழுங்கிடக் கூடாதுன்னு வந்த நல்ல சட்டம். அது இல்லேன்னா அந்தக் காம்பவுண்டு சுவரெல்லாம் அலையிலேயே நின்னுருக்கும்! ஆனா கோடு போடுறதுக்கு முன்னாடியே அங்கே குடியிருந்தது இவங்கதானே?

2004 சுனாமிக்கு அப்புறம் அரசு, 200 மீட்டருக்குள்ள இருந்தவங்களுக்குத் தள்ளி வீடு கட்டித் தர்றோம், பழைய இடத்தை விட்டுக்கொடுங்கன்னு சொல்லுச்சு. சுறா வீட்ல போகலை. "கடலைப் பார்க்காம எப்படித் தொழிலுக்குப் போறது? காத்து எப்படி, தண்ணி எப்படின்னு திண்ணையில இருந்தே தெரியணும்ல"ன்னார் அவங்க அப்பா. 2019 அறிவிக்கை அந்த 200 மீட்டரை, ஜனத்தொகை நெருக்கமான கிராமங்களுக்கு 50 ஆகக் குறைச்சது. அதே அறிவிக்கை, அலைக் கோட்டுல இருந்து 10 மீட்டர் தள்ளி தற்காலிக சுற்றுலா வசதிகள் வரலாம்னும் சொல்லுது. அண்ணனோட மாடிக்கு 10 மீட்டர் கணக்கு கிடையாது, பாருங்க.

எல்லாமே சோகக் கதையும் இல்லை. இந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவோட சேர்ந்து 2012-ல ஆரம்பிச்ச அலைச்சறுக்குப் பள்ளியால, கடலுக்குப் போற பசங்களுக்கு இன்னொரு பிழைப்பு கிடைச்சிருக்கு. 2013 சர்ஃபிங் விழாவுக்கு ஜான்டி ரோட்ஸே வந்திருக்கார்! சுறாவோட தம்பி ஒரு பெங்களூரு ஐ.டி அண்ணனுக்குப் பலகை மேல நிக்கச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தான். அந்த அண்ணன் பதினோரு தடவை விழுந்தார். எண்ணினோம். நாங்க முயற்சி பண்ணினதை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.

சாயங்காலம் சுறா சும்மா இல்லாம, சர்வே லேப் ஞாபகத்துல, அலை நனைச்ச இடத்துல இருந்து அவன் வீட்டு வாசல் வரைக்கும் அடி வெச்சு எண்ணினான். நூத்து எண்பத்தாறு எட்டு. "ரெக்கார்டு நோட்ல எழுதிக்கடா"ன்னோம். ஆயா நிமிர்ந்து பார்த்துட்டு, "நான் வாக்கப்பட்டு வந்தப்ப இன்னும் தூரமா இருந்துச்சு. அப்ப யாரும் எண்ணலை"ன்னாங்க.

கிளம்புறப்போ நாலு பேருக்கும் நெத்திலி கருவாடு பொட்டலம். பஸ்ல வேலூர் தாண்டறதுக்குள்ள முன் சீட், பின் சீட் எல்லாம் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. கண்டக்டர் வந்து, "யாருப்பா அது?"ன்னார். நாலு பேரும் சுறாவைக் காட்டினோம்.