ஆர அமரப் பார்க்க ஒரு ஒயின் ஊர்

பிரான்சின் போர்தோ நகருக்குக் கிழக்கே, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது செயின்ட் எமிலியோன். ஆர அமர ஊர் சுற்ற விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் ஊர் அரிது. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே உருவாக்கிய தேவாலயம் நிலத்துக்கடியில் இருக்கிறது. மணிக்கூண்டு மட்டும் மேலே உயர்ந்து நிற்கும். வீடு கட்டக் கல் வெட்டியெடுத்த சுரங்கங்கள் பல இன்று ஒயின் கிடங்குகள். கோடையிலும் அங்கே குளுமை குறையாது. சுற்றிலும் பெரும்பாலும் மெர்லோ திராட்சைத் தோட்டங்கள். 1999இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது ஊரை மட்டுமல்ல, இந்தத் தோட்டங்களையும்தான். பகல் கூட்டம் மாலையில் கலைந்துவிடும் என்பதால் ஓர் இரவாவது தங்குவதே நல்லது. போர்தோவிலிருந்து ரயில் உண்டு. நிலையத்திலிருந்து தோட்டங்களின் ஊடே நடந்தே ஊரை அடையலாம்.