முடியை மறுத்தவன்

தியாகராய நகர்ப் பதிப்பகங்களிலும் மயிலாப்பூர் வீடுகளின் புத்தக அலமாரிகளிலும் ஐந்து பாகங்களாக வீற்றிருக்கிறது ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய அப்பெருங்கதையில் நந்தினியும் பூங்குழலியும் கற்பனை மாந்தரே. ஆயினும் கோடிக்கரைக்குச் செல்லும் நம் கண்கள் பூங்குழலியின் படகைத் தேடுகின்றன.

அதே 1954-இல்தான் இங்கிலாந்தில் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. கத்தோலிக்கரான டோல்கியன், மொழிகளோடும் வரைபடங்களோடும் ஓர் உலகையே அதில் படைத்தார். அனைத்தையும் ஆளும் வல்லமை தரும் மோதிரத்தை அழிப்பதற்காகவே அங்கே ஓர் எளியவன் நெடுவழி நடக்கிறான். இறுதியில் அவன் மனமும் தளர்கிறது. முன்பு அவன் இரங்கி உயிரோடு விட்டவனாலேயே மோதிரம் நெருப்பில் வீழ்கிறது. அந்நாளை மார்ச் 25 என்று குறித்தார் ஆசிரியர். நமக்கு அது மங்கள வார்த்தைத் திருநாள்.

கல்கியின் இறுதிப் பாகம் ‘தியாகச் சிகரம்’. மக்கள் விரும்பிய அருள்மொழிவர்மன், தனக்கு வந்த மணிமுடியைத் தன் சிற்றப்பன் தலையில் சூட்டுகிறான். அவன் அரியணையை மறுத்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அச்சிற்றப்பனைப் பூத்தொடுத்து இறைத்தொண்டு புரிந்த சேந்தன் அமுதனாக்கியதோ கல்கியின் கற்பனை.

பதவியைப் பிடித்தோர் செய்தியை நாள்தோறும் படித்து மறக்கிறோம். விட்டுக்கொடுத்தவன் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லி முடித்தபின், குடும்பத்திலும் பங்கிலும் நாம் இறுகப் பற்றியிருக்கும் மோதிரம் எது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?