முட்டியை சரண்டர் பண்ண முடியாது!

கொல்லிமலைக்குப் பெரிய செலவில்லை சார். நாமக்கல்லில் பஸ் ஏறினால் போதும். காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவு. கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும்!

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியவன் என்கிறது புறநானூறு. நமக்கு ஒரே நாளில் அஞ்சு ஃபைல் நகர்ந்தாலே பெரிசு. சோளக்காடு சந்தையில் அன்னாசியும் மிளகும் வாங்கலாம்.

அசல் சமாச்சாரம், அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆகாய கங்கை. சுமார் 300 அடி அருவி. 1,000 படிக்கு மேல் இறங்கணும். குளிச்சு முடிச்சு அத்தனையும் ஏறணும்.

போன வருஷம் அப்பாவோடு போனேன். வருஷா வருஷம் லீவை சரண்டர் பண்ணி எங்களைப் படிக்க வெச்சவர். "ரிட்டயர் ஆனதும் கொல்லிமலைதான்" என்பார். இருபதாவது படியிலேயே முட்டி மக்கர். ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "நீ பார்த்துட்டு வந்து சொல்லுடா."

மூச்சு வாங்க ஏறி வந்தேன். என் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனுதான்டா இருக்கு" என்றார்.

லீவு பாக்கி இருக்கா சார்? சனிக்கிழமையே கிளம்புங்க.