வாஷியில் ஒரு வரிசை எண்

வாஷி ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள் தலைக்கு மேல் நிற்கும் அலுவலகக் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இருப்பதில்லை. மான்குர்த்தோடு நின்றிருந்த ஹார்பர் ரயில் 1992இல் தானே கடற்கழியைப் பாலத்தில் கடந்து இங்கே வந்து சேர்ந்தது. நடைமேடைகளும் அவற்றின் மேல் அலுவலகங்களுமாக நிலையம் ஒரே வளாகமாக எழுந்தது. நிக்ஸி எனச் சுருக்கி அழைக்கப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகத்தின் மும்பை முனை அமைந்ததும் அந்த வளாகத்தில்தான். உலகின் பதின்மூன்று மூலப் பெயர்ச் சேவையகங்களுக்கு ஆங்கில அகரவரிசைப்படி ஏ முதல் எம் வரை பெயர். அவற்றுள் ஐ என்னும் எழுத்துக்குரியதன் படி ஒன்று 2005இல் மும்பைப் பரிமாற்றகத்துக்கு வந்தது. அதே ஆண்டில் எஃப் சென்னைக்கும் கே டெல்லிக்கும் வந்தன.

ஐ எழுத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே வைக்கப்பட்ட முதல் மூலச் சேவையகம் அதுதான். 1991இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. இன்றும் ஸ்வீடனின் நெட்நாட் அமைப்பே அதை நடத்துகிறது. எழுத்துகள் பதின்மூன்று என்றாலும் இயந்திரங்கள் பதின்மூன்று அல்ல. ஒரே முகவரியைப் பல ஊர்களிலிருந்து ஒரே சமயத்தில் அறிவித்தால், கேட்பவரின் கேள்வி வழித்தடத்தில் தனக்கு நெருங்கிய படியைச் சென்றடையும். எனிகாஸ்ட் என்னும் இந்த முறையால் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உலகெங்கும் இயங்குகின்றன.

அந்த நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தொலைவில் உள்ள ஒரு கல்லூரியில் 2013ஆம் ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் நடந்ததற்கும் மூலச் சேவையகத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அக்கல்லூரியின் கணினி நிர்வாகி அன்று மாலை வரை அப்படி நினைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அவர் செம்பூர்வாசி. பெற்றோர் காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கல்லூரியின் பெயர்ச் சேவையகத்தைப் பதினோரு ஆண்டுகளாக அவர்தான் பார்த்துவந்தார். முதன்மைச் சேவையகம் கல்லூரியின் மூன்றாம் மாடியில், குளிரூட்டி சொட்டும் ஓர் அறையில் இருந்தது. துணைச் சேவையகத்தைப் புணேயில் ஒரு நிறுவனம் வாடகைக்கு நடத்திவந்தது. உதவித்தொகை விண்ணப்பங்கள் அவ்வாண்டு முதன்முறையாக இணையவழி பெறப்பட்டன. கூட்டம் தாங்காது என்று அஞ்சி, விண்ணப்பத் தளத்தை வெளியில் வாடகைக்கு எடுத்த வலுவான இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார். பெயர் அதேதான், முகவரி எண் மட்டும் புதியது. மாற்றத்தைக் கோப்பில் எழுதினார், சோதித்தார், திறந்தது. பழைய இயந்திரத்தை அணைத்துவிட்டார்.

இரண்டு நாள்களாகப் புகார்கள் வந்துகொண்டிருந்தன. ஆனால் அவை புகார்போல் தோன்றவில்லை. நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார்கள். திறக்கவில்லை என்று சொன்னவர்கள் சிலரே. "ஒங்க நெட் ஸ்லோ" என்னும் பதிலைக் கல்லூரி அலுவலகம் மராத்தியிலும் இந்தியிலும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பதில் நியாயமாகவே ஒலித்தது. திரையில் 'பெயர் கிடைக்கவில்லை' என்று வந்திருந்தால் பெயர்ச் சேவையகத்தின்மீது ஐயம் எழுந்திருக்கும். வந்ததோ 'பதில் வரவில்லை' என்பது. அணைக்கப்பட்ட இயந்திரத்தின் கதவைத் தட்டியவர்களுக்கு வேறென்ன வரும்?

மூன்றாம் நாள், கடைசித் தேதிக்கு முந்தைய நாள், மழையோடு ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். தாராவியிலிருந்து நடந்து வந்து ஜி.டி.பி. நகரில் ரயிலேறி வாஷிக்கு வந்திருந்தார்கள். பெண்ணின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று தாள்கள். மூன்று வெவ்வேறு சைபர் கடைகளில் அதே பிழைச் செய்தியை, தேதியும் நேரமும் தெரிய, அச்சிட்டு எடுத்துவந்திருந்தாள். ஒரு பக்கத்துக்குக் கடைக்காரர் வாங்கும் காசையும் சேர்த்துப் பார்த்தால் அது சிறிய செயல் அல்ல. தன் சொல் நம்பப்படாது என்று முன்கூட்டியே அறிந்தவர்களே இப்படி ஆவணத்தோடு வருவார்கள்.

எழுத்தர் வழக்கமான பதிலைச் சொன்னார். தந்தை மகளிடம் திரும்பித் திருநெல்வேலித் தமிழில் ஏதோ முணுமுணுக்க, அந்த வழியாகப் போன நிர்வாகி நின்றார்.

"என்ன விஷயம்மா?"

"மூணு கடையிலயும் பாத்தாச்சு சார். எங்கயும் தொறக்கல. இங்க வந்து கேட்டா ஒங்க நெட்டு சரியில்லங்காவ," என்றார் தந்தை.

"இங்கே திறக்கிறதே."

"அப்பா போன்லயும் வரல சார்," என்றாள் பெண்.

எழுத்தரின் போனை வாங்கி அவர் தளத்தைத் திறந்தார், வந்தது. தந்தையின் போனில் அதே பெயரை இட்டார்; சுழன்று சுழன்று நின்றது. ஒரே மேசை, இரண்டு போன்கள், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு. அப்போதுதான் அவர் முகம் மாறியது. இரண்டு நாள்களாக அவர் செய்த சோதனைகள் அனைத்தும் கல்லூரிக் கட்டடத்துக்குள், முதன்மைச் சேவையகத்திடம் மட்டுமே கேட்டவை. தானே எழுதியதைத் தன்னிடமே கேட்டுச் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் ஐயுற்றது மேலிருந்துதான். பெயர் ஒன்றைத் தேடும் கேள்வி மூலச் சேவையகத்தில் தொடங்கி, 'இன்' பதிவகத்துக்கு இறங்கி, அங்கிருந்து கல்லூரியின் சேவையகத்துக்கு வருகிறது. மேல்படியில் பிழை நேர்ந்த கதை ஒன்று அவர் நினைவில் இருந்தது. 2010 மார்ச்சில் சிலி நாட்டுப் பதிவகத்தின் பொறியாளர் ஒருவர் இதே ஐ சேவையகத்திடம் ஃபேஸ்புக்கின் பெயரைக் கேட்டபோது விசித்திரமான விடை வந்தது. மூலச் சேவையகம் அப்பெயரின் முகவரியைச் சொல்லவே கூடாது. 'காம்' பதிவகத்தைப் போய்க் கேள் என்று மட்டுமே சொல்ல வேண்டும். வந்ததோ ஒரு பொய் முகவரி. சிலியின் கேள்வி பெய்ஜிங்கில் இருந்த படியிடம் போயிருந்தது. வழியில் சீனத் தணிக்கை அமைப்பு விடையை மாற்றியிருந்தது. சேவையகத்தின் தரவில் குறையில்லை என்று நெட்நாட் விளக்கி, அப்படியின் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மற்ற நாடுகளில் பெரும்பாலானோர் அதே நேரத்தில் அதே ஐ சேவையகத்திடம் கேட்டுச் சரியான விடையே பெற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சிலியிலிருந்து எழுந்த புகாரைக் கேட்டு எவரேனும் 'இங்கே சரியாக வருகிறதே' என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும்.

ஆனால் வாஷியில் மேல்படிகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. டிக் கட்டளையால் அவர் ஒவ்வொரு படியையும் தனித்தனியே கேட்டுக்கொண்டு கீழே வந்தார். 'இன்' பதிவகம் கல்லூரிக்கு இரண்டு சேவையகங்களைக் காட்டியது. முதன்மையிடம் கேட்டார்: புதிய முகவரி. புணேயிடம் கேட்டார்: பழைய முகவரி. பெயர் தேடித் தரும் ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் இவ்விரண்டில் விரைந்து பதில் சொல்வதையே பெரிதும் நாடும். கிடைத்த விடையைக் குறித்த காலம் வரை நினைவில் வைத்திருக்கும். கல்லூரி குறித்திருந்த காலம் 86400 நொடி, அதாவது ஒரு முழு நாள். புணே விடையை வாங்கிக்கொண்ட நிறுவனத்தின் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அன்று முழுவதும் கதவு இல்லை.

இனி அந்த எண். துணைச் சேவையகம் முதன்மையின் கோப்பு மாறியதா என்று அறிய அதன் வரிசை எண்ணை மட்டுமே பார்க்கும். தன்னிடமுள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் புதிய கோப்பைக் கேட்டு வாங்கும். இல்லையேல் பேசாமல் இருக்கும். தேதியையே வரிசை எண்ணாக எழுதுவது நிர்வாகிகளின் வழக்கம்: ஆண்டு, மாதம், நாள், அன்றைய எத்தனையாவது மாற்றம் என்பதற்கு இரண்டு இலக்கம். மே 20 அன்று ஆய்வகக் கணினி ஒன்றைச் சேர்த்தபோது 2013 என்பதற்குப் பதில் 2031 என்று அவர் விரல் தட்டிவிட்டது. புணே 2031052001 என்பதை ஏற்றுக்கொண்டது. மறுநாள் தவற்றைக் கண்டு 2013052101 என்று திருத்தினார். திருத்தியதுதான் பிழை. அன்று முதல் புணேயின் பார்வையில் முதன்மை 18 ஆண்டு பின்தங்கிய ஒன்று. இரு வாரங்கள் கோப்பில் மாற்றம் இல்லாததால் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. புணேக்குத் தொலைபேசினார். முதன்மையின் எண் தன் எண்ணைவிடச் சிறியது என்னும் எச்சரிக்கை வரி இரண்டு வாரமாகத் தங்கள் பதிவேட்டில் விழுந்துகொண்டிருக்கிறது என்று இரவுப் பணியில் இருந்தவர் சொன்னார். அங்குள்ள படியை அழித்துப் புதிதாக எடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. உரிமை உள்ளவர் காலையில்தான் வருவார்.

எண்ணைக் குறைக்காமல் குறைக்க ஒரு வழி உண்டு. வரிசை எண் 32 பிட் அளவுள்ளது; 4294967295 வரை ஏறி மீண்டும் பூச்சியத்துக்கு வரும் வட்டம். வட்டத்தில் எது பெரிது என்பதற்கான விதியை ராபர்ட் எல்ஸும் ரேண்டி புஷ்ஷும் 1996இல் வகுத்தார்கள்: முன்னோக்கிப் பாதி வட்டத்துக்குள் இருப்பது பெரிது. ஆகவே 2031052001 உடன் 2147483647 கூட்டி 4178535648 என்று எழுதினார். புணே அதைப் பெரிது என்று ஏற்று, கோப்பை வாங்கிக்கொண்டது. அது வந்து சேர்ந்ததை உறுதி செய்தபின் அன்றைய தேதியைக் கொண்டு புது எண் இட்டார். வட்டத்தின் கணக்கில் அதுவும் முன்னோக்கியதே. புணே அதையும் ஏற்றது. ஏறி ஏறியே இறங்கிவந்தது அந்த எண்.

நினைவில் தங்கிய பழைய விடைகளை எவராலும் திரும்ப அழைக்க முடியாது. ஒரு நாள் முடிந்தால்தான் மறையும். எனவே அணைத்திருந்த இயந்திரத்தை மீண்டும் எழுப்பி, அங்கு வருபவரைப் புதிய இயந்திரத்துக்குக் கடத்திவிடும்படி அமைத்தார். இந்த யோசனை முதலிலேயே வந்திருந்தால், பழையதை ஒரு வாரம் ஓடவிட்டிருந்தால், கதையே இல்லை. பெயரை மாற்றுபவர்கள் பழைய வீட்டை அவசரமாகப் பூட்டிவிடுவது இத்தொழிலின் பழைய நோய்.

தந்தையின் போனில் பக்கம் திறந்தபோது மணி ஏழரை. பெண் அங்கேயே அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். இணையத்தில் ஏற்ற வேண்டிய சாதிச் சான்றிதழின் ஒளிநகல் மட்டும் கடையில் இருந்தது. மறுநாள் ஏற்ற வேண்டியதாயிற்று.

அவர் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கடைசித் தேதியை இரண்டு நாள் நீட்டிக்க வேண்டும் என்றும், பிழை மாணவர்களுடைய இணைப்பில் இல்லை, தன் கோப்பில் இருந்தது என்றும். இரண்டாம் வாக்கியத்தை எழுதாமல் விட்டிருந்தாலும் நீட்டிப்பு கிடைத்திருக்கலாம். அறிவிப்புப் பலகையில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்றே வந்தது. மூன்று அச்சுத்தாள்களையும் கடிதத்தோடு இணைத்திருந்தார். அவை கோப்பில் எங்கோ உள்ளன.

நீட்டித்த இரண்டு நாளில் மேலும் விண்ணப்பங்கள் வந்தன. முதல் மூன்று நாள்களில் முயன்று திரும்பிப் போய், பின் முயலாமலே விட்டவர்கள் எத்தனை பேர் என்று முதல்வர் கேட்டார். புதிய இயந்திரத்தின் பதிவேட்டில் வந்துசேர்ந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். பழைய இயந்திரம் அந்நாள்களில் அணைந்திருந்தது. அதில் எதுவும் பதிவாகவில்லை.