பட்டடை பிறந்த ஊர்



"இங்கிலாந்து சென்று வந்தீர்களே சுவாமி, லண்டன் மாநகரைப் பற்றி எழுதலாகாதா?" என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். லண்டனைப் பற்றி எழுத வல்லவர் பலர் உண்டு. நான் எழுத விரும்புவது ஷெஃபீல்டு நகரின் ஓரத்தில், ஓர் ஆற்றங்கரையில் எஞ்சி நிற்கும் பழைய உலைக்களத்தைப் பற்றியே. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு முதிய கொல்லர்தாம் என்னை அங்கே அனுப்பினார். உண்மையைச் சொன்னால், நான் அவருக்கு இழைத்த தீங்கு என்னை அனுப்பியது.

எங்கள் ஊர்க் கொல்லர் தெருவில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஓர் உலை. அதன் எதிரே, புளியமரக் கட்டையின்மேல் அமர்ந்திருக்கிறது ஒரு பட்டடை. அடைகல் என்றும் அதைச் சொல்வதுண்டு. ரயில்வே பட்டறையில் கழித்த பொருள்களை ஏலம் விட்டபோது ஆசாரியாரின் பாட்டனார் அதை வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாராம். அதன் இடுப்பில் ஓர் எலியின் உருவமும், சில ஆங்கில எழுத்துகளும், 1, 1, 14 என்னும் எண்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அது 1114-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது என்றே ஆசாரியார் எண்ணியிருந்தார்.

கோயில் முன்வாயிலுக்கு இரும்புக் கதவு செய்யும் பணியை அவரிடம் ஒப்படைத்திருந்தேன். திருவிழாவுக்கு மூன்று வாரங்களே இருந்தபோது, பட்டடையின் விளிம்பில் நான்கு விரல் நீளத்துக்கு உருக்கு பெயர்ந்து விழுந்தது. "கொஞ்ச நாள் பொறுங்க சாமி. இதைப் பாத்துத்தான் செய்யணும்" என்றார் அவர். எனக்குப் பொறுமை இல்லை. நானே வண்டி பிடித்து, நகரத்து வெல்டிங் கடை ஒன்றுக்கு அதை அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பார்வைக்குப் புதியது போலவே இருந்தது. பத்தாம் நாள், கதவுக் கம்பி ஒன்றை வளைக்கும்போது, பற்றவைத்த பகுதி கழன்று விழுந்தது. விழுந்ததோடு நில்லாமல், அதுவரை நன்றாயிருந்த உருக்கிலும் ஒரு பங்கைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று.

ஆசாரியார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய பேரன்தான், "எடைக்குப் போட்டுரலாம் தாத்தா. நான் திருப்பூருக்கே வேலைக்குப் போறேன்" என்றான். மேற்பரப்பை இயந்திரத்தில் கொடுத்து ஒரே மட்டமாகச் சீவிவிடும்படி வேறொருவர் யோசனை சொன்னார்.

2018-ஆம் ஆண்டு கோடையில், யார்க்ஷயரில் உள்ள ஒரு பங்கில் இரண்டு மாதம் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. விடைபெறச் சென்றபோது ஆசாரியார் சொன்னார்: "இது பொறந்த சீமைக்குத்தானே போறீங்க சாமி. இதுக்கு வைத்தியம் உண்டான்னு யாருகிட்டயாவது கேட்டுட்டு வாங்க. இந்த இடுப்புல இருக்கிற சதுர ஓட்டை எதுக்குன்னும் கேளுங்க. எங்கப்பாவுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

நான் எடுத்துச் சென்றிருந்த புகைப்படத்தைப் பங்கு மக்களில் முதியவர் ஒருவரிடம் காட்டினேன். எலியின் உருவத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "மவுஸ்ஹோல் பட்டடை அல்லவா இது! ஷெஃபீல்டுக்குப் போங்கள்" என்றார். மவுஸ்ஹோல் என்றால் எலி வளை. அதுவே அந்த உலைக்களத்தின் பெயர்; அதனால்தான் எலி முத்திரை.

ஷெஃபீல்டு மேடும் பள்ளமுமான நகரம். டான், ஷீஃப், ரிவெலின், லாக்ஸ்லி, போர்ட்டர் என ஐந்து ஆறுகள் அங்கே பாய்கின்றன. நம் காவிரியைக் கண்ட கண்ணுக்கு அவை வாய்க்கால்களாகவே தோன்றும். ஆயினும் மலைச்சரிவில் விரைந்து இறங்கும் அந்தச் சிற்றாறுகளே நீர்ச்சக்கரங்களைச் சுழற்றி, சம்மட்டிகளைத் தூக்கி, சாணைக் கற்களை உருட்டி, அந்நகரை உலகம் அறிந்த உருக்கு நகரமாக்கின.

டிராம் வண்டியில் ஏறி, மாலின் பிரிட்ஜ் என்னும் கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். ரிவெலின் ஆறு லாக்ஸ்லி ஆற்றோடு கலக்கும் இடம் அது. 1864-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் இரவு, லாக்ஸ்லிப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் புதிதாகக் கட்டிய டேல் டைக் அணை உடைந்து, ஏறத்தாழ 240 உயிர்களை வெள்ளம் கொண்டு போயிற்று. மாலின் பிரிட்ஜ் அன்று பேரழிவைக் கண்டது. இன்று வீடுகளும் கடைகளும் நிறைந்த அமைதியான பகுதியாக விளங்குகிறது.

அங்கிருந்து சிறிது தொலைவில், மரங்களின் நிழலில், ரிவெலின் கரையில் இருக்கிறது மவுஸ்ஹோல் உலைக்களம். 1930-களில் அதன் நெருப்பு அணைந்தது. இப்போது அது பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம். தனியார் இடமாதலால் வெளியே நின்றே பார்த்தேன். பாசி படர்ந்த கற்சுவரும், நீரின் ஒலியும் தவிர வேறொன்றும் இல்லை. அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பட்டடைகள் புறப்பட்டுச் சென்ற இடம் இதுவா என்று வியந்தேன். ஓடும் நீரைப் பார்த்தபடி, எங்கள் ஊர்ப் புளியமரக் கட்டையை நினைத்துக்கொண்டேன்.

கேட்ட கேள்விகளுக்கு விடை வேண்டுமே! அதற்காக மறுநாள் ஷீஃப் ஆற்றங்கரையில் உள்ள ஆபிடேல் தொழிற்கூடத்துக்குச் சென்றேன். புல்லறுக்கும் நீண்ட அரிவாள்கள் செய்த அந்தப் பழைய ஆலை 1970-இல் அருங்காட்சியகமாயிற்று. நீர்ச்சக்கரம், சம்மட்டி எந்திரம், சாணைக்கூடம், களிமண் மூசையில் உருக்கு வார்த்த உலை யாவும் அங்கே அப்படியே உள்ளன. மூசையில் உருக்கு வார்க்கும் முறையை 1740-களில் ஷெஃபீல்டில் வகுத்தவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் தென்னாட்டில் களிமண் மூசையில் உருக்கு ஆக்கினார்கள் என்பது நமக்குப் பெருமை. நமக்கும் அந்நகருக்கும் வேறோர் உறவும் உண்டு. பரங்கிப்பேட்டையில் 1830-ஐயொட்டி இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், பின்னர் ஷெஃபீல்டுக்குச் சென்று, உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார்.

அங்கே முதிய கொல்லர் ஒருவர் பார்வையாளர்களுக்குத் தொழில் செய்து காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் புகைப்படங்களை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், "குளிர்ந்த பட்டடையின்மேல் வெல்டிங் வைத்தவர் யார்?" என்று கேட்டார். "வைக்கச் சொன்னவன் நான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பெட்டியின்மேல் என்னை உட்காரச் சொன்னார்.

அன்று அவரிடம் நான் கற்றவை இவை. பழைய பட்டடையின் உடல் தேனிரும்பு. அது மென்மையானது, அடியைத் தாங்கும். அதன் முகம் மட்டும் விரல் கனமுள்ள உருக்குத் தகடு. வெள்ளொளி வீசும்வரை இரண்டையும் காய்ச்சி, பலர் சூழ்ந்து நின்று சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார்கள். மவுஸ்ஹோலில் அந்த முகத்தையே இரண்டு மூன்று துண்டுகளாக வைத்து இணைத்ததும் உண்டு. பிறகு முகத்தைச் சிவக்கக் காய்ச்சி, மேலிருந்து நீரைத் தாரையாகக் கொட்டித் தோய்ச்சல் கொடுப்பார்கள். இடுப்பில் உள்ள சதுர ஓட்டை, அடிக்கும்போதும் திருப்பும்போதும் கம்பியைச் செருகிப் பிடிப்பதற்கானது. மூன்று எண்களும் ஆண்டைக் குறிப்பன அல்ல, எடையைக் குறிப்பன. முதல் எண்ணுக்கு ஒன்றுக்கு 112 ராத்தல், இரண்டாவதற்கு 28 ராத்தல், மூன்றாவது தனி ராத்தல். ஆக எங்கள் பட்டடை 154 ராத்தல். சுமார் 70 கிலோ.

"அவ்வளவு பெரிய குளிர்ந்த இரும்பு, வெல்டிங்கின் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும். அதனால் அடியிலுள்ள உருக்கு கண்ணாடிபோல் இறுகி வெடிக்கும். காயத்தை ஆற்ற வேண்டுமானால், முதலில் உடல் முழுவதும் சூடேற வேண்டும்" என்றார் அவர். சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அதற்குமேல் வெகுவாகப் போனால் பழைய தோய்ச்சல் இறங்கிவிடும். இயந்திரத்தில் சீவுவதைப் பற்றிக் கேட்டபோது கையை உதறினார். முகத்துத் தகட்டில் சீவி எறிந்த உருக்கு திரும்ப வராது. நடுவிலுள்ள சிறு பள்ளம் பல்லாண்டு உழைப்பால் விழுந்தது. வளைந்த இரும்பை நிமிர்த்த அது உதவும். உடைந்த இடத்தை மட்டும் தொட வேண்டும் என்றார்.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் ஆசாரியாரிடம் சொன்னேன். எடைக் கணக்கைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஓட்டையின் பயனைக் கேட்டதும் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றார்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பக்கத்துப் பங்கில் இருந்தார். அவர் மனமுவந்து வந்தார். முதலில் ஆசாரியார் ஓர் எஃகுக் குண்டைப் பத்து அங்குல உயரத்திலிருந்து பட்டடை முகத்தில் விட்டார். நல்ல இடங்களில் அது ஏழு எட்டு அங்குலம் துள்ளி எழுந்தது. வால்புறத்தில் ஒரு கையகலத்தில் மட்டும் மந்தமாக விழுந்தது. அங்கே தகடு உள்ளே விலகியிருக்கிறது என்று பொருள். பழைய வெல்டிங்கின் மிச்சத்தைச் சுத்தமாக அராவி எடுத்தார்கள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணப் பொடி பூசினார்கள். விரிசல் இருந்த இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டியது. அந்தக் கோடு மறையும்வரை மீண்டும் அராவினார்கள்.

பின்னர் பட்டடையைச் செங்கல்மேல் வைத்து, சுற்றிலும் கரியும் வறட்டியும் அடுக்கி மெல்ல மூட்டினார்கள். சூட்டை அளக்கக் கருவியில்லையே என்று நான் கவலைப்பட்டேன். ஆசாரியாரோ முகத்தில் ஓரிடத்தைப் பளபளப்பாகத் துலக்கிவிட்டு, "வைக்கோல் நிறம் லேசா தெரிஞ்சா போதும் சாமி, அதுக்கு மேல விடக்கூடாது" என்றார். ஷெஃபீல்டில் நான் கேட்டு வந்த 200 டிகிரிக் கணக்கு, அவர் கண்ணில் நிறமாகவே இருந்தது! இரண்டரை மணி நேரம் கழிந்து அந்த வெளிர் மஞ்சள் தோன்றியதும் நெருப்பை விலக்கினார்கள்.

ஈரமில்லாமல் காயவைத்த வெல்டிங் ராடுகளால், அடியில் மென்மையான இரும்பும் மேலே கடினமான இரும்புமாக, இரண்டிரண்டு அங்குலமாக வைத்துவந்தார் பொன்மலைக்காரர். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஆசாரியார் சிறு சுத்தியால் அதன்மேல் மெல்லத் தட்டி இறுக்கத்தைத் தணித்தார். பேரனும் அன்று ஊதுலையருகே நின்றான். வேலை முடிந்ததும் சாம்பலாலும் உலர்ந்த மணலாலும் பட்டடையை மூடினார்கள். "திறந்து பார்க்கலாமா?" என்று மறுநாள் காலையில் நான் கேட்டேன். ஆசாரியார் என்னைப் பார்த்த பார்வையில், கேட்டதற்கு நாணினேன். இரண்டு இரவுகள் அப்படியே கிடந்தது.

திறந்தபின் புதிய பகுதியை மட்டும் தேய்த்துச் சமன் செய்து, விளிம்பைக் கூர்மையாக விடாமல் சற்றே உருட்டினார்கள். கூரிய விளிம்பு விரைவில் சில்லுப் பெயரும். நடுப்பள்ளம் அப்படியே இருக்கிறது. வால்புறத்து மந்த ஓசையும் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்துவது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. "அந்தப் பக்கம் பலமா அடிக்காம பாத்துக்குவேன்" என்றார் ஆசாரியார். பேரன் திருப்பூருக்குப் போய்விட்டான்; ஆனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சம்மட்டி பிடிக்கிறான். கோயில் கதவு அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்குத்தான் முடிந்தது. அதனால் திருவிழாவுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பகைவரின் தாக்குதலைத் தாங்கி நிற்கும் வீரனுக்குக் கொல்லனின் உலைக்கல்லைப் புறநானூறு உவமை கூறுகிறது. சீராக்கின் ஞான நூலோ, 38-ஆம் அதிகாரத்தில், பட்டடையருகே அமர்ந்து உலையின் அனலோடு போராடும் கொல்லனைக் காட்டி, இத்தகையோர் இல்லாமல் நகரங்கள் அமையா என்கிறது. அந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆயினும் பொறுக்கச் சொன்ன ஒரு கொல்லரின் சொல்லைக் கேளாமல் போனேன்.

நம் இல்லங்களிலும் விளிம்பு உடைவதுண்டு. அண்ணன் தம்பிக்குள், மாமியார் மருமகளுக்குள் பிளவு நேரும்போது, பண்டிகைக்கு முன் எப்படியாவது ஒட்டவைத்துவிட வேண்டுமென்று நாம் அவசரப்படுகிறோம். பங்குக் குருவாகிய நானும் அப்படி அவசரப்பட்டதுண்டு. இப்போது யாராவது என்னிடம் அத்தகைய வழக்கோடு வந்தால், முதலில் இருவரையும் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொல்கிறேன். சூடேற நேரம் வேண்டுமல்லவா?

விடியற்காலையில் கோயில் மணி ஓய்ந்ததும் கொல்லர் தெருவிலிருந்து பட்டடையின் ஓசை கேட்கிறது. ரிவெலின் கரையில் அந்த ஓசை நின்று வெகுகாலமாயிற்று. எங்கள் ஊரில் இன்னும் கேட்கிறது.