தொப்பூர் இறக்கத்தில் மூன்றாம் கியர்

பழைய லாரிதான் நல்ல லாரி என்று பேசுகிறவர்கள் யாரும் சித்திரை வெயிலில் அதை ஓட்டியவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. நாமக்கல் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுபதுகளின் கடைசியில் கிளீனராக ஏறினார். ஆறு சக்கரம், டாரஸ், கேஸ் டேங்கர், ட்ரெய்லர் என்று எல்லாம் ஓட்டி முடித்து, இப்போது பன்னிரண்டு சக்கர வண்டியில் கர்நாடகத்துக்கும் ஆந்திராவுக்கும் போய் வருகிறார். பெயர் போட வேண்டாம் என்றார். "முதலாளி படிச்சா நல்லா இருக்காதுங்க தம்பி."

ஓசூரில் லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல் திரும்பிய வண்டியில் கிருஷ்ணகிரியில் நான் ஏறிக்கொண்டேன். ஏசி ஓடியது. பள்ளத்தில் விழுந்தால் சீட் மெல்ல இறங்கி ஏறியது. இரண்டு விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டினார். பிறகு வலது கையை மேலே தூக்கினார். தோள் உயரத்துக்கு மேல் கை போகவில்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில், லோடோடு, மலைப்பாதை வளைவுகளில் எழுந்து நின்று சக்கரத்தை இழுத்த வருஷங்கள் அந்த மூட்டில் இருக்கின்றன. "இந்தத் தோளைக் கேளுங்க, எந்த வண்டி நல்லதுன்னு அது சொல்லும்."

அவர் தொழில் பழகிய வண்டிகள் இரண்டு வம்சம். ஒன்று எண்ணூரில் பிறந்தது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் காமெட். இன்னொன்று டாடாவும் டைம்லர் பென்ஸும் 1954இல் கை சேர்த்துத் தயாரித்தது. அந்த ஒப்பந்தம் 1969இல் முடிந்து, முகப்பில் நட்சத்திரம் போய் டாடா எழுத்து வந்த பிறகும் ரொம்ப காலத்துக்கு இந்தப் பக்கத்தில் அதற்குப் பென்ஸ் வண்டி என்றே பெயர். இரண்டையும் முகப்போடும் சேசிஸோடும்தான் கம்பெனி கொடுக்கும். கேபினும் பாடியும் நாமக்கல்லில் ஆசாரிகள் கட்டுவது. மரச்சட்டம், மேலே தகரம், உள்ளே ரெக்சின், சாமி படத்துக்கு ஒரு மாடம். டிரைவரை உட்கார வைத்து அளவு பார்த்து சீட் உயரம் வைத்துக் கொடுத்த ஆசாரியைப் பற்றி அவர் இன்றும் மரியாதையோடு பேசுகிறார். ஆனால் அதே கேபினுக்குள், டிரைவரின் இடது காலுக்குப் பக்கத்தில்தான் இன்ஜின் மூடி இருக்கும். நனைத்த சாக்கை அதன் மேல் போட்டுக்கொண்டு ஓட்டுவார்களாம். நாக்பூர் பக்கம் போகும்போது சாக்கு காய்வதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

அந்த வண்டியை ஓட்டுவதில் ஒரு வித்தை இருந்தது. அதை அவர் மறுக்கவில்லை. தருமபுரி தாண்டியதும், இந்தப் புது வண்டியின் கியர் ராடிலேயே அதைச் செய்து காட்டினார். கியரைக் குறைக்க வேண்டும் என்றால், முதலில் கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்கு இழுக்க வேண்டும். கிளட்சை விட வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி இன்ஜின் சுற்றை ஏற்ற வேண்டும். இன்ஜின் சத்தமும் வண்டியின் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற அந்த ஒரு நொடியில் மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். நொடி தப்பினால் பல்லோடு பல் உரசி வண்டியே அலறும், கியர் விழாது. ஏற்றத்தில் கியர் விழாவிட்டால் வண்டி பின்னால் உருளும். அப்போது கிளீனர் கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். டபுள் கிளட்ச் என்ற இந்த முறைக்கு இன்றைய கியர்பாக்ஸில் வேலையே இல்லை. இருந்தும் அவர் இடது பாதம் சில இடங்களில் தன்னை அறியாமல் இரண்டு முறை இறங்குகிறது.

பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சேலம் நோக்கி வரும் வண்டிகளுக்கு அதற்கு அப்பால் தொப்பூர் கணவாய் இறக்கம். மூன்றாம் கியருக்கு இறக்கி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த எக்ஸாஸ்ட் பிரேக் லிவரை இழுத்தார். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவது போல ஓர் உறுமல் கேட்டது. பிரேக் மிதியில் அவர் கால் எப்போதாவதுதான் பட்டது. எங்களைத் தாண்டி ஒரு லாரி அநேகமாகச் சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது. "நியூட்ரல்ல போறான்" என்றார். குரலில் கோபம் இருந்தது.

இந்தக் கணவாயில் நடந்த விபத்துகளில் கணிசமானவற்றுக்கு இந்தப் பழக்கமே காரணம் என்று இந்தச் சாலையில் ஓடும் எல்லோருக்கும் தெரியும். மைலேஜ் கணக்குப் பார்க்கும் முதலாளி, டீசல் மிச்சம் பிடித்தால் அதில் டிரைவருக்கு ஒரு பங்கு கொடுப்பார். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்று காலங்காலமாக ஒரு நம்பிக்கை. கியரை எடுத்துவிட்டால் வண்டியின் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. திரும்பத் திரும்ப மிதிக்க, லைனர் சூடேறி டிரம்மைப் பிடிக்காமல் வழுக்குகிறது. ஏர் டேங்கில் காற்றும் இறங்குகிறது. அடுத்த வளைவில் முன்னால் போகும் கார்தான் அந்த லாரிக்குத் தடுப்பு.

இதில் என்னை உலுக்கியது ஒன்று. கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் இன்ஜின் வந்த பிறகு அந்த டீசல் மிச்சம் என்பதே பொய்யாகிவிட்டது. கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் கம்ப்யூட்டர் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போனால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிறது. உயிரைப் பணயம் வைத்து டீசலை வீணடிக்கிறார்கள். "இதை அந்தப் பையனுக்கு யாருங்க சொல்லிக் கொடுத்தா? எனக்கே சர்வீஸ் இன்ஜினியர் சொல்லித்தான் தெரியும்" என்றார். வண்டி வாங்கும்போது முதலாளிக்குச் சாவியும் பூவும் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். டிரைவருக்கு ஒரு மணி நேரம் வண்டியைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

புது வண்டி மீது அவருக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்படும் பிஎஸ்-6 லாரிகளில் டீசல் டேங்க் பக்கத்திலேயே நீல மூடி போட்ட இன்னொரு டேங்க் இருக்கிறது. டிரைவர்கள் யூரியா என்கிறார்கள். 32.5 சதவீத யூரியா கரைசல் அது. புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் கொல்வதற்காக சைலன்சரில் தெளிக்கப்படுகிறது. அது தீர்ந்தாலோ, கலப்படமாக இருந்தாலோ, அதைக் கண்காணிக்கும் சென்சார் பழுதானாலோ இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒருமுறை கர்னூல் தாண்டி இப்படி வண்டி நடைவேகத்துக்கு வந்துவிட்டது. லேப்டாப்போடு ஆள் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. பழைய வண்டியில் டீசல் லைனில் ஏர் பிடித்தால் நட்டைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை பொறுத்திருந்து நட்டை முறுக்கிவிட்டுக் கிளம்பலாம். கமான் பட்டை உடைந்தால் ஜாக்கி போட்டு ரோட்டோரத்திலேயே மாற்றியிருக்கிறார். "அப்ப வண்டி நின்னா எனக்கு வேலை. இப்ப நின்னா நான் சும்மா உக்காந்திருக்கோணும். ஆனா அந்தப் புகையைக் குடிச்சு இருமிச் செத்த மெக்கானிக்குகளையும் எனக்குத் தெரியுமுங்க."

அவருடைய உண்மையான வழக்கு வண்டியோடு அல்ல. ஓமலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது அதைச் சொன்னார். பழைய வண்டி சூடாகி நிற்கும். ரேடியேட்டர் ஆறும்வரை புளியமரத்தடியில் படுக்கலாம். பஞ்சர் ஆகும். மாநில எல்லைச் செக்போஸ்டில் வரிசை நகராது. ஊருக்குள் நுழையும் சரக்குக்கு வரி வாங்கும் ஆக்ட்ராய் நாக்காவில் விடியும்வரை நிற்க வேண்டும். அந்த நேரமெல்லாம் தூக்கம். 2017இல் ஜிஎஸ்டி வந்து செக்போஸ்டுகள் போயின. 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமாகி டோல்கேட் வரிசை சுருங்கியது. நான்கு வழிச் சாலை வந்தது. வண்டி சூடாவதில்லை. ட்யூப் இல்லாத டயர் லேசில் பஞ்சர் ஆவதில்லை. அத்தனையும் நல்லதே. ஆனால் மிச்சமான நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்? 2018இல் அச்சுச்சுமை வரம்பை உயர்த்தியபோது பத்து சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. ட்ரிப் எண்ணிக்கை ஏறியது. ஜிபிஎஸ் வைத்து, வண்டி அரை மணி நின்றால் ஆபீசிலிருந்து போன் வருகிறது. "வண்டிக்கு ரெஸ்ட் வேண்டாம்னு ஆன அன்னைக்கே எனக்கும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு, ஐந்து மணி நேரத் தொடர் வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே சொல்லிவிட்டது. அவரிடம் இதைச் சொன்னேன். சட்டம் இருப்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் எந்த ரோட்டிலும் யாரும் வண்டியை நிறுத்தி "எப்பத் தூங்கினே?" என்று கேட்டதில்லை என்றார். எடையைக் கேட்டிருக்கிறார்கள், பேப்பரைக் கேட்டிருக்கிறார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டம் போட முடிந்த அரசுக்கு, தூக்கத்தைக் கட்டாயமாக்கவும் முடியும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஓட்டிய நேரம் முழுவதும் இப்போது வண்டியின் கம்ப்யூட்டரிலேயே பதிவாகிக்கொண்டிருக்கிறது. அதை மைலேஜ் பார்க்க மட்டும் திறக்கிறார்கள்.

கிளீனரும் போய்விட்டார். பேட்டா மிச்சம் என்று பெரும்பாலான வண்டிகள் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. இரவு மூன்று மணிக்குப் பேச்சுக் கொடுக்க, ரிவர்ஸ் எடுக்கும்போது தகரத்தைத் தட்டி வழிகாட்ட, ஸ்டவ் பற்றவைத்து ரசம் வைக்க இருந்த பையன் அவர். அந்தப் பையன்தான் நான்கைந்து வருஷத்தில் டிரைவராவார். தொப்பூரில் எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பதை இவரும் அப்படித்தான், தன் குருவின் பக்கத்து சீட்டிலிருந்து கற்றார். இன்று அந்த சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் கிடைக்கவில்லை என்று லாரி உரிமையாளர்கள் சொல்லும்போது, அந்த சீட்டைக் காலி செய்தது யார் என்பதையும் அவர்கள் பேச வேண்டும்.

நாமக்கல் நெருங்கும்போது போன் வந்தது. லோடை இறக்கியதும் இரவே விஜயவாடாவுக்கு இன்னொரு லோடு. ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"காலைல அஞ்சு மணிக்கு எடுக்கறனுங்க."

"பார்ட்டி அவசரம்கிறாங்க. நைட்டே எடுத்துடுங்கண்ணா. வண்டி நல்ல கண்டிசன்லதானே இருக்குது?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது. நான் தூங்கோணும்."

எதிர்முனையில் இன்னும் ஏதோ சொன்னார்கள். வேறு டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு போனை வைத்தார். போடுவார்களா என்று கேட்டேன். "ஆள் எங்க இருக்குது? அஞ்சு மணிக்கு நான்தான் எடுப்பேன்" என்றார்.