பாறைக்குள் இருந்த பூதம்

கதை எழுதுகிறவர்களுக்குச் சித்திரக்காரர்கள் மேல் உள்ளூர ஒரு பொறாமை உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கதாநாயகியை நாம் இரண்டு பக்கம் வருணித்திருப்போம். வாசகர்களோ அதை மறந்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் சித்திரக்காரர் போட்ட முகத்தையே நினைவில் வைத்துக்கொள்வார்கள். "அந்தக் கதையில் வருவாளே, பெரிய கண்ணுக்காரி!" என்பார்கள். கண் பெரியது என்று நாம் எழுதியே இருக்க மாட்டோம்.

இந்தப் பொறாமை நியாயந்தானா என்று யோசிக்கும்போதெல்லாம் ஸ்வீடன் தேசத்து ஜான் பாவர் என் நினைவுக்கு வருகிறார். 1907-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் கிறிஸ்துமஸை ஒட்டிச் சிறுவர்களுக்கான கதை மலர் ஒன்று வெளிவரத் தொடங்கியது. நம் தீபாவளி மலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய நாட்டுக் கதைகளில் 'த்ரோல்' என்று ஒரு பூதமும், 'தோம்தே' என்று வீட்டையும் தொழுவத்தையும் காக்கும் ஒரு குட்டிக் கிழவனும் உண்டு. மலரின் பெயரிலேயே இருவரும் இடம் பெற்றிருந்தார்கள். அதில் கதை எழுதியவர்கள் பலர். ஆனால், மலருக்கு உயிர் தந்த பெயர் பாவருடையதுதான்.

1882-இல் வேட்டர்ன் என்ற பெரிய ஏரியின் தென்கரையிலுள்ள யோன்ஷோப்பிங் நகரில் அவர் பிறந்தார். தகப்பனார் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்து அங்கே இறைச்சிக் கடை வைத்தவர். குடும்பம் கடைக்கு மேலே குடியிருந்தது. ஊரைத் தாண்டினால் ஸ்மோலண்ட் காடு: ஊசியிலை மரங்கள், பாசி பிடித்த பாறைகள், வெளிச்சம் எட்டாத கறுப்புக் குட்டைகள். பையன் பதினாறு வயதில் சித்திரம் பயில ஸ்டாக்ஹோமுக்குப் போனான். காட்டையும் கண்ணுக்குள் எடுத்துக்கொண்டே போனான்.

எழுத்தாளனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. "அடர்ந்த காட்டில்" என்று இரண்டே சொற்களை எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். சித்திரக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த மரம், அதன் பட்டை எப்படி வெடித்திருக்கிறது, வேர் பாறையை எப்படிக் கவ்விக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பாவர் அதைத் தெரிந்துகொள்ளச் சோம்பியவர் அல்லர். 1904-இல், ஒரு பெரிய நூலுக்குச் சித்திரம் எழுதுவதற்காக வடகோடியிலுள்ள லாப்லாந்துக்குச் சென்றார். அங்கே வாழும் சாமி மக்களின் உடை, கத்தி, பை, கூடாரம் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார், புகைப்படமும் எடுத்தார். பிற்பாடு அவருடைய பூதங்களின் இடுப்பில் தொங்கிய சாமான்களில் அந்தப் பயணத்தின் சாயலைப் பார்க்கலாம்.

பூதம் என்றால் கோரைப் பல்லும் கொள்ளிக் கண்ணும் வேண்டும் என்பது பொதுவான அபிப்பிராயம். பாவரின் பூதத்துக்கு அவை முக்கியமல்ல. தோள் பாறையாக இருக்கும். தலைமயிர் மரத்தில் தொங்கும் பாசியாக இருக்கும். மூக்கு, மண்ணிலிருந்து பிடுங்கிய வேர்போல நீண்டிருக்கும். பூதம் காட்டுக்குள் வசிக்கவில்லை. காடே கொஞ்சம் அசைந்து பூதமாகிறது. அந்திவேளையில் தனியே நடந்த குடியானவன் ஒருவன் ஒரு பாறையைப் பார்த்து எப்போதோ திடுக்கிட்டிருப்பான். அந்த ஒரு கணத்தைத்தான் பாவர் எழுதினார் என்று எனக்குத் தோன்றும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பூதங்கள் கொடியவர்களாகத் தெரிவதில்லை. வயதானவர்கள், மந்தபுத்திக்காரர்கள், சற்றே வருத்தம் உள்ளவர்கள். எதிரே நிற்கும் சின்னஞ்சிறு குழந்தையை அதிசயமாகக் குனிந்து பார்க்கிறார்கள்.

இப்படி உழைத்தவருக்குத் தாம் எழுதிய மூலச் சித்திரங்களே சொந்தமில்லை. பிரசுரகர்த்தர்களே அவற்றையும் வெளியிடும் உரிமையையும் வைத்துக்கொண்டார்கள். பாவர் திரும்பக் கேட்டார். 1911-ஆம் ஆண்டு மலர் அவருடைய சித்திரம் இல்லாமலே வந்தது. விற்பனை படுத்துவிட்டது. அடுத்த ஆண்டே அவரை அழைத்து, உரிமையையும் அவரிடமே விட்டார்கள். 1915 வரை தொடர்ந்து வரைந்தார். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தில் பொறாமை போய் மரியாதை வந்துவிடுகிறது.

1913-ஆம் ஆண்டு மலரில் ஹெல்கே ஷெலின் எழுதிய கதை ஒன்று. தூவ்ஸ்தார் என்ற குட்டி இளவரசி எல்க் என்னும் பெரிய மானின் மேல் ஏறி உலகம் பார்க்கப் புறப்படுகிறாள். கிரீடம் போகிறது, ஆடை போகிறது, கடைசியில் கழுத்தில் கிடந்த பொன் இதயம் ஒரு காட்டுக் குட்டையில் விழுந்துவிடுகிறது. அதைத் தேடிக் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். தூவ்ஸ்தார் என்பது உண்மையில் ஒரு கோரைப் புல்லின் பெயர். பாவரின் சித்திரத்தில் வானளாவும் இருண்ட மரங்கள், கறுத்த நீர், கரையில் வெள்ளைப் புள்ளியாக அந்தக் குழந்தை. பயமுறுத்த ஒரு பூதங்கூட இல்லை. இருந்தும் பார்ப்பவருக்கு நெஞ்சு கனக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1918 நவம்பரில் பாவரும், மனைவி எஸ்தரும், சின்ன மகனும் ஸ்டாக்ஹோமுக்கு அருகே புது வீட்டுக்குக் குடிபோகப் புறப்பட்டார்கள். எஸ்தரும் சித்திரம் பயின்றவர்; அவருடைய இளவரசிகளுக்கு முகம் கொடுத்தவர். தம்பதிகளுக்குள் மனக்கசப்பு வளர்ந்திருந்தது. புது இடத்தில் புது வாழ்வு தொடங்கலாம் என்ற நம்பிக்கை. அவ்வாண்டு அக்டோபரில் கேத்தோ என்ற இடத்தில் பெரிய ரயில் விபத்து நடந்திருந்ததால், ரயிலைத் தவிர்த்து, கிரென்னாவில் 'பேர் பிராஹே' என்ற நீராவிக் கப்பலில் ஏறினார்கள். அன்றிரவு புயலில், ஹெஸ்ட்ஹோல்மன் துறைக்கு அருகே, வேட்டர்ன் ஏரியில் கப்பல் மூழ்கியது. இருந்த 24 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாவருக்கு வயது 36.

உடனே ஒரு வதந்தி கிளம்பியது. காட்டுப் பூதங்கள் தங்களைப் படமெழுதியவரைத் தங்களிடமே அழைத்துக்கொண்டுவிட்டன என்று பேசிக்கொண்டார்கள். பத்திரிகைகளும் அதற்கு நெய் ஊற்றின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கதை எழுதும் கை குறுகுறுக்கக்கூடச் செய்கிறது. ஆனால், நடந்தது வேறு. கப்பலின் அடித்தளம் நிரம்பிவிட்டபடியால், தையல் இயந்திரங்களும் இரும்பு அடுப்புகளும் கலப்பைக் கொழுக்களுமாக ஏராளமான சரக்கை மேல்தளத்தில் சரியாகக் கட்டாமலே ஏற்றியிருந்தார்கள். தலை கனத்த கப்பல் அலையில் கவிழ்ந்தது. மனிதர்கள் ஏற்றிய இரும்புக்குப் பூதங்கள் பழி சுமந்தன.

பாவர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட அப்படிப்பட்ட பூதத்தை வரைந்ததில்லை என்பதுதான் என் ஆதங்கம். வதந்தி கட்டியவர்கள் அவருடைய சித்திரங்களை வாங்கி வைத்திருந்தார்களே தவிர, பார்க்கவில்லை. பாறையைப் பாறையாக உற்றுப் பார்த்தவருக்குத்தான் அதற்குள் இருந்த பூதம் தெரிந்தது. பாராதவர்களுக்குக் கப்பல்தளத்தில் குவிந்திருந்த இரும்புகூடத் தெரியவில்லை.

யோன்ஷோப்பிங் அருங்காட்சியகத்தில் அவருடைய சித்திரங்களும் குறிப்பேட்டு ஓவியங்களுமாக ஆயிரத்துக்கு மேல் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பூதமும் அவற்றைக் கொண்டுபோகவில்லை.